நாய்க்குத் தோலில் சிறு தொற்று: வீட்டிலேயே கவனிப்பது எப்படி?

"மருந்து ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினோம், கேட்கவில்லை" என்பவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும். நுரையை எத்தனை நிமிடம் விட்டீர்கள்? குளித்து முடித்தபின் மயிரின் அடி வரை காய்ந்ததா? பெரும்பாலும் வரும் பதில்: "ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் அதுவா காஞ்சிடுச்சு." மருந்தில் குறை இல்லை. அது தோலோடு இருந்த நேரம் போதவில்லை, பிறகு தங்கிய ஈரம் கிருமிக்கே உதவியது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டையும் சுற்றித்தான் வரும்.

நாயின் தோல் ஏன் சட்டென்று கெடுகிறது

நாய்க்கு மயிர் மூடிய இடங்களில் மேல்தோல் மிக மெல்லியது. மூன்று முதல் ஐந்து செல் அடுக்குகள்தான் இருக்கும். மனிதத் தோல் ஓரளவு அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டி நிற்கும். அதனால் மனிதருக்கான சோப்பும் ஷாம்பூவும் அதற்குச் சரிப்படுவதில்லை.

பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணமான ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வதில்லை. நலமாக இருக்கும் நாயின் வாய், மூக்கு, ஆசனவாய்ப் பகுதிகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. மலாசீஸியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் அப்படியே. தெள்ளுக்கடி, ஒவ்வாமை, தேங்கிய ஈரம், தோல் மடிப்பு, தைராய்டு குறைவு என்று ஏதோ ஒன்று தோலைப் பலவீனமாக்கும்போது இவை பெருகிவிடுகின்றன. ஆகவே "எங்கே போய் ஒட்டிக்கொண்டு வந்தது?" என்று தேடுவதைவிட, "தோல் ஏன் இடம் கொடுத்தது?" என்று பார்ப்பதுதான் பலன் தரும். கிருமியை மட்டும் கழுவிவிட்டுக் காரணத்தை விட்டுவைத்தால் சில வாரங்களில் அதே இடத்தில் அதே புண் வந்து நிற்கும்.

எதெல்லாம் வீட்டில் பார்க்கலாம்

முதலாவது, மேலோட்டமான சீழ்க்கொப்புளம். வயிறு, தொடையிடுக்கு, அக்குள் போன்ற மயிர் குறைந்த இடங்களில் சிறு சிவப்புத் தடிப்புகள் தோன்றும். சிலவற்றின் நுனியில் மஞ்சளாகச் சீழ் தெரியும். அவை சீக்கிரம் உடைந்துவிடும். உடைந்த இடத்தில் வட்டமாக, ஓரம் உரிந்த செதில் வளையம் மிஞ்சும். இந்த வளையத்தைப் பார்த்ததும் "படை" என்று முடிவுகட்டிப் பூஞ்சைக் களிம்பு தடவுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. நாய்களில் இத்தகைய வளையம் பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. குட்டை மயிர் நாய்களில் வளையம் தெரியாமல், முதுகில் பூச்சி அரித்த கம்பளிபோல் அங்கங்கே மயிர் கொட்டியிருக்கும்.

இரண்டாவது, ஹாட் ஸ்பாட். சில மணி நேரத்துக்குள் தோன்றும் சிவந்த, ஈரம் கசியும், தொட்டால் வலிக்கும் திட்டு. மூன்றாவது, ஈஸ்ட். தோல் பிசுபிசுப்பாகி, ஊசிப்போன எண்ணெய் போல வாடை அடிக்கும். விரலிடுக்கில் மயிர் செம்பழுப்பாகும். நாள்பட்டால் தோல் கறுத்து யானைத்தோல் மாதிரி தடித்துவிடும். இவை போக, முகச் சுருக்கம், உதடு, வால் அடி ஆகிய மடிப்புகளில் வரும் ஈரப்புண். குட்டிகளின் வயிற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் சிறு கொப்புளங்களும் இந்தப் பட்டியலில் சேரும். குட்டி சுறுசுறுப்பாக இருந்தால் பல நேரம் சுத்தமான, உலர்ந்த படுக்கையே அதற்குப் போதும்.

எதை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது

கட்டி கட்டியாக வீங்கி, துளை வழியாக இரத்தம் கலந்த சீழ் வடிந்தால் தொற்று ஆழத்துக்குப் போய்விட்டது. வெளிப்பூச்சு அங்கே எட்டாது. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பநிலை நாய்க்கு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 39.5-ஐத் தாண்டினாலோ, நாய் சோர்ந்து சாப்பிடாமல் கிடந்தாலோ காத்திருக்க வேண்டாம். கடிபட்ட காயம், புழு வைத்த புண், கறுத்துச் செத்துப்போன தோல், கண்ணைச் சுற்றிய புண், தலையைச் சாய்த்துக்கொண்டே இருக்கும் அளவுக்குக் காதுத் தொல்லை, இவையெல்லாம் மருத்துவரிடம்தான் போக வேண்டும். நான்கு மாதத்துக்குக் குறைவான குட்டிக்கு முகம் திடீரென வீங்கிப் புண்ணானால் அதே நாளில் காட்டுங்கள். அது பெரும்பாலும் கிருமியால் வருவது கிடையாது, அதற்கான மருந்தே வேறு.

இன்னும் இரண்டு அடையாளங்களை மனத்தில் வையுங்கள். காது ஓரம், முழங்கை, குதிகால் ஆகிய இடங்களில் தாங்க முடியாத அரிப்பும், வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிப்புத் தடிப்பும் சேர்ந்து வந்தால் சார்கோப்டிஸ் என்ற சொறிப்பூச்சியாக இருக்கலாம். நாய்க்கு வட்ட வட்டமாக மயிர் கொட்டி, வீட்டுக் குழந்தையின் கையிலும் வளையம் தெரிந்தால் உண்மையான படையாக இருக்கலாம். இரண்டுமே மனிதருக்குத் தொற்றுபவை, பரிசோதனை இல்லாமல் உறுதிப்படுத்த முடியாதவை.

ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுக்கும் நாய், நீரிழிவு உள்ள நாய், சினையாக இருக்கும் நாய் ஆகியவற்றுக்குச் சிறு புண்ணாக இருந்தாலும் முதலில் கேட்டுவிட்டே எதையும் செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

முக்கியமானது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூ. நாய்களுக்கென்று தயாரித்தது, 2 முதல் 4 சதவீதம் வரை உள்ளது. ஈஸ்ட் வாடை இருந்தால் 2 சதவீதக் குளோர்ஹெக்சிடினும் 2 சதவீத மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் சேர்ந்ததை வாங்குங்கள். கூடவே கூம்புக் கழுத்துப்பட்டை, கையுறை, காஸ் துணி, ஊசி இல்லாத சிரிஞ்ச், வெப்பமானி, ட்ரிம்மர், தண்ணீரில் கரையும் வழவழப்பு ஜெல்லி. பஞ்சு வேண்டாம். அதன் இழை புண்ணில் ஒட்டிக்கொண்டு வராது.

புண்ணைத் துடைக்க 0.05 சதவீதக் குளோர்ஹெக்சிடின் நீர் வேண்டும். இதைத் தயாரிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நுரை வரும் ஸ்க்ரப் வகையில் சோப்புப்பொருள் கலந்திருக்கும். திறந்த புண்ணுக்கு அது ஆகாது, வெறும் கரைசல் வகைதான் வேண்டும். செட்ரிமைடு சேர்ந்த கிருமிநாசினி என்றால் அதில் குளோர்ஹெக்சிடின் அளவே வேறு. கீழே உள்ள கணக்கு அதற்குப் பொருந்தாது.

2 சதவீதக் கரைசல் என்றால் 5 மி.லி. எடுத்து, மொத்தம் 200 மி.லி. வரும்வரை தண்ணீர் சேருங்கள். 4 சதவீதம் என்றால் 2.5 மி.லி. எடுத்து அதே 200 மி.லி. சிரிஞ்சால் அளந்து எடுங்கள், மூடியால் குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் நல்லது. உப்புநீரில் கலந்தால் குளோர்ஹெக்சிடின் அடியில் படிந்துவிடக்கூடும். அன்றன்று கலந்து மீதியைக் கொட்டிவிடுங்கள். நீர்த்த கிருமிநாசினியை நாள்கணக்கில் வைத்திருந்தால் அதிலேயே வளரக்கூடிய கிருமிகள் உண்டு.

குளோர்ஹெக்சிடின் கிடைக்காவிட்டால் 10 சதவீதப் பொவிடோன் அயோடின் கரைசலில் 10 மி.லி. எடுத்து ஒரு லிட்டருக்குத் தண்ணீர் கலக்கலாம். லேசான தேநீர் நிறம் வரும். "நிறம் அடர்த்தியாக இருந்தால் நன்றாகக் கேட்கும்" என்று கூட்டிவிடாதீர்கள். அயோடின் நீர்க்கும்போதுதான் பிணைப்பிலிருந்து அதிகமாக விடுபட்டுக் கிருமியைக் கொல்கிறது. அடர்த்தி கூடினால் புண் ஆற வேண்டிய செல்களுக்குத்தான் கேடு. இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்தோ மாற்றி மாற்றியோ போட வேண்டாம், ஏதாவது ஒன்று போதும்.

மருந்துக் குளியல்

கொப்புளமோ ஈஸ்ட்டோ பரவலாக இருந்தால் இதுதான் முதல் சிகிச்சை. மேலோட்டமான தொற்றுக்கு மாத்திரை இல்லாமல் வெளிச் சிகிச்சையே போதும் என்பதைத்தான் கால்நடைத் தோல் மருத்துவர்களும் இப்போது முதலில் பரிந்துரைக்கிறார்கள். ஆண்டிபயாட்டிக்குக்கு மசியாத கிருமிகள் பெருகியிருப்பது அதற்கு முக்கியக் காரணம்.

1. சிக்கு விழுந்த மயிரைச் சீவி எடுங்கள். சீவ முடியாததை வெட்டிவிடுங்கள். சிக்குக்கு அடியில் மருந்து போகாது, போன ஈரம் வெளியே வராது. நீண்ட மயிர் நாய்க்கு மயிரைக் குட்டையாக வெட்டிவிட்டால் ஷாம்பூவும் நேரமும் மிச்சம்.

2. அழுக்கும் எண்ணெய்ப்பசையும் அதிகம் என்றால் முதலில் நாய்களுக்கான சாதாரண ஷாம்பூவால் ஒருமுறை கழுவி நன்றாக அலசுங்கள். அரைகுறையாக அலசினால் மிஞ்சிய சோப்பு குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்துவிடும். அழுக்கும் சீழும் படிந்திருந்தாலும் அதே கதிதான்.

3. தண்ணீர் குளிர்ந்தோ வெதுவெதுப்பாகவோ இருக்கட்டும். சூடு அரிப்பைக் கிளப்பிவிடும். மயிரின் அடிவரை முழுதாக நனையுங்கள். அடர்ந்த உள்மயிர் உள்ள நாய்க்கு இதற்கே சில நிமிடம் பிடிக்கும்.

4. ஷாம்பூவை முதுகில் ஒரே இடத்தில் கவிழ்க்காமல், உடம்பில் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். புண் அதிகமுள்ள இடத்திலிருந்து தொடங்குங்கள், அங்கே மருந்து கூடுதல் நேரம் நிற்கும். விரல்நுனி தோலைத் தொட வேண்டும். மயிரின் மேல் நுரை பொங்குவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

5. கண்ணில் ஒரு துளியும் படக் கூடாது. குளோர்ஹெக்சிடின் கருவிழியைப் புண்ணாக்கும். முகத்துக்கு நீர்த்த கரைசலில் நனைத்துப் பிழிந்த துணி போதும். காதுக்குள்ளும் போகாமல் பாருங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் உட்காதைக் கெடுத்துக் கேட்கும் திறனையே பாதிக்கக்கூடும்.

6. உடம்பு முழுக்கப் பூசி முடித்த பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடம். மனத்தில் எண்ணினால் பத்து நிமிடம் நான்காகச் சுருங்கிவிடும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நாய் நக்காதபடி தலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தேய்த்துக்கொடுங்கள். குளிர்காலத்தில் நடுங்கும் நாய் என்றால் சன்னல்களை மூடிய அறையில் செய்யுங்கள்.

7. அலசும் நேரம் பூசிய நேரத்தைவிடக் குறையக் கூடாது. அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு ஆகிய இடங்களில்தான் ஷாம்பூ தங்கும். தங்கிய ஷாம்பூவால் மறுநாள் எரிச்சல் வந்து, அதைத் தொற்று அதிகமாகிவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு.

8. துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மெல்லிய தோல் உரியும். பிறகு உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்து, மயிரை விலக்கி விலக்கிக் காயவையுங்கள். மேல்மயிர் காய்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். காதுக்குப் பின்புறம், கழுத்துப்பட்டை படும் இடம், வால் அடி ஆகிய இடங்களில் விரலை விட்டுப் பாருங்கள், இன்னும் ஈரம் இருக்கும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டும். குளிக்காத நாள்களில் புண் உள்ள இடத்தில் மட்டும் குளோர்ஹெக்சிடின் நுரையோ துடைப்பானோ போடலாம். வயதான நாய், குளிப்பாட்டவே முடியாத நாய் ஆகியவற்றுக்கு இந்த நுரையை மட்டுமே நாள்தோறும் மயிரின் அடி வரை தேய்த்துவிட்டுச் சமாளிக்கலாம். அதை அலசத் தேவையில்லை.

எத்தனை நாள் செய்வது? நாயின் மேல்தோல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. கொப்புளம் பத்து நாளில் அடங்கியதுபோல் தெரியும். அங்கே நிறுத்தினால் திரும்பிவரும். கடைசிக் கொப்புளமும் செதிலும் மறைந்த பிறகு இன்னும் ஒரு வாரம் தொடருங்கள், மொத்தம் மூன்று நான்கு வாரம் ஆகலாம். இடையில் தோல் வறண்டு பொடுகாக உதிர்ந்தால் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. நாய்களுக்கான, கழுவத் தேவையில்லாத ஈரப்பதக் கிரீமை அலசி முடித்தபின் போடுங்கள்.

ஹாட் ஸ்பாட்டுக்குத் தனிக் கவனிப்பு

இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அரிப்பில் நாய் கடிக்கிறது, கடிப்பதால் தோல் உரிந்து நீர் கசிகிறது, கசிந்த நீர் மயிரை ஒட்டவைத்துக் காற்றை அடைக்கிறது, அடைத்த இடம் இன்னும் அரிக்கிறது. காலையில் நாணயம் அளவு இருந்தது மாலைக்குள் உள்ளங்கை அளவாகிவிடும். அதனால் முதல் வேலை கழுத்தில் கூம்பு. மருந்து அப்புறம்.

அடுத்தது மயிரை எடுப்பது. கத்தரிக்கோல் வேண்டாம். ஒட்டிய மயிரைத் தூக்கும்போது தோலும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும், வெட்டுப்பட்டுவிடும். 10 அல்லது 40 எண் பிளேடு பூட்டிய ட்ரிம்மர் சரியானது. புண்ணின் மேல் முதலில் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். வெட்டிய மயிர் அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழுவும்போது புண்ணில் சிக்காமல் ஜெல்லியோடு வந்துவிடும். பிளேடு ஓடும்போது சூடேறும். நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். புண்ணைச் சுற்றி இரண்டு செ.மீ. நல்ல தோல் தெரியும்வரை எடுக்க வேண்டும். மயிரை எடுக்க எடுக்க நினைத்ததைவிடப் பெரிய புண் வெளியே தெரியும், அதற்குத் தயாராக இருங்கள். தொட்டாலே நாய் கடிக்க வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து ஐந்து நிமிடத்தில் முடிக்கும் வேலை அது. வலிக்கும் நாயோடு வீட்டில் மல்லுக்கட்டினால் கடிபடுவது நிச்சயம்.

பிறகு 0.05 சதவீதக் கரைசலில் நனைத்த காஸ் துணியைப் புண்ணின் மேல் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். பொருக்கு ஊறித் தானாக வரும், பிய்த்து எடுக்க வேண்டாம். துணியை மாற்றி மாற்றி, வடிதல் சுத்தமாகும்வரை துடையுங்கள். உலர்ந்த காஸால் ஒற்றி எடுத்து அப்படியே திறந்து விட்டுவிடுங்கள். கட்டுப் போடக் கூடாது. கெட்டியான களிம்பும் எண்ணெயும் வேண்டாம், ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். முதல் இரண்டு நாள் தினம் மூன்று முறை, பின்னர் இரண்டு முறை. இடையில் அரிப்புத் தாங்காமல் தவித்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் ஒற்றிவிட்டு உடனே உலர்த்துங்கள்.

48 மணி நேரத்தில் கசிவு நின்று மேற்பரப்பு காய வேண்டும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். திட்டைச் சுற்றிச் சிதறலாகச் சிறு கொப்புளங்கள் தெரிந்தாலோ, அடியில் கெட்டியாகத் தடித்திருந்தாலோ அது வெறும் ஹாட் ஸ்பாட் கிடையாது. மயிர்க்கால் வரை தொற்று இறங்கியிருக்கிறது. கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார், செயின்ட் பெர்னார்ட் நாய்களின் கன்னத்திலும் கழுத்திலும் இது அடிக்கடி நடப்பது. அவற்றுக்கு மாத்திரை தேவைப்படலாம்.

புண் வந்த இடமே காரணத்தைச் சொல்லும். கன்னத்திலோ காதுக்குக் கீழேயோ வந்தால் காதைப் பாருங்கள். வால் அடிக்கு மேல் வந்தால் தெள்ளு, இல்லாவிட்டால் ஆசனவாய்ச் சுரப்பி. வயதான நாய்க்கு இடுப்பு மூட்டின் மேலேயே திரும்பத் திரும்ப வந்தால் மூட்டுவலியில் அந்த இடத்தை அது நக்கிக்கொண்டிருக்கக்கூடும்.

மடிப்பும் விரலிடுக்கும்

மடிப்புப் புண்ணுக்கு நாளுக்கு ஒருமுறை குளோர்ஹெக்சிடின் துடைப்பானால் மடிப்பை விரித்துத் துடைத்து, வேறொரு உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். இரண்டாவது பாதியைச் செய்யாதவர்களுக்கு முதல் பாதியால் நன்மையே இல்லை. கண்ணுக்குப் பக்கத்து மடிப்புக்கு மிக நீர்த்த கரைசலில் நனைத்துப் பிழிந்த துணிதான்.

பாதத்துக்கு ஒரு தட்டில் கரைசலை ஊற்றி, மயிர் நனையும் அளவுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கரைசலைக் குடிக்க விடக் கூடாது. எடுத்தபின் ஒவ்வொரு விரலிடுக்கிலும் துணியை நுழைத்துத் துடைக்க வேண்டும். ஒரே ஒரு பாதத்தில் மட்டும் புண் இருந்தால் முள்ளோ புல்விதையோ குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு பாதத்திலும் இருந்தால் பெரும்பாலும் ஒவ்வாமை.

நக்குவது

"நாய் நக்கினால் புண் ஆறும்" என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. வாயில் இருக்கும் பாக்டீரியாதானே புண்ணில் இருப்பதும்! கூம்பு, மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று செ.மீ. நீண்டிருக்க வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் போக வேண்டும். ஊதிப் பெருக்கும் வளையத்தை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், நாய் பின்காலையும் வாலையும் எட்டிவிடுவதைக் கவனிப்பதில்லை. சாப்பிடும்போது கழற்றினால் பக்கத்திலேயே இருங்கள். இரவில் அரை மணி நேரம் நக்கினாலும் நான்கு நாள் உழைப்பு போச்சு.

போடக் கூடாதவை

ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆல்கஹாலும் ஆறிவரும் திசுவைக் கொல்லும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. தோல் வழியாகவே உள்ளே போய் நடுக்கம், தள்ளாட்டம் உண்டாக்கும். பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் பொசுக்கி, நக்கும்போது கல்லீரலையும் நுரையீரலையும் கெடுக்கும். குழந்தைகளுக்குப் போடும் துத்தநாகக் களிம்பை நாய் தொடர்ந்து நக்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் அழியலாம்.

மனிதர்களின் தோல் மருந்துகளில் இரண்டு பெயரை மறக்கவே கூடாது. சொரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால், தோல் புற்றுநோய்க்கான ஃப்ளூரோயூராசில். குழாயைக் கடித்துக் கொஞ்சம் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. ஸ்டீராய்டு, ஆண்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்பு இரண்டு நாளில் சிவப்பைக் குறைத்துக் காட்டும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும், பிறகு பரிசோதனையிலும் குழப்பம் வரும். வலிக்கு ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள். போன முறை மிஞ்சிய ஆண்டிபயாட்டிக் மாத்திரையும் வேண்டாம். அரைகுறை அளவும் அரைகுறை நாளும்தான் மருந்துக்கு மசியாத கிருமியை வளர்க்கும்.

தெள்ளும் வீடும்

மயிரில் தெள்ளு கண்ணில் படாததால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மெல்லிய பல் சீப்பால் வால் அடியைச் சீவி, விழும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், செரித்த இரத்தம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே வாரக்கணக்கில் அரிப்பைக் கிளப்பும்.

மருந்து போட்ட பிறகும் சில வாரம் புதுத் தெள்ளுகள் வந்துகொண்டிருக்கும். தரை விரிப்பிலும் இடுக்கிலும் கூட்டுப்புழுவாக இருப்பவை மருந்துக்கு அகப்படாமல் பொரித்து வருவதுதான் காரணம். மருந்தைக் குறைசொல்லி மாற்றாமல், வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைக்கும் தவறாமல் தொடருங்கள். பூனைக்குப் பூனை மருந்துதான். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். முதுகில் விடும் சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளியல் கூடாது. வாரம் மூன்று முறை குளிப்பாட்டும் காலத்தில் வாய்வழி மாத்திரை பொருத்தமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். குளோர்ஹெக்சிடின் பட்ட துணியில் ப்ளீச் போட்டால் போகாத பழுப்புக் கறை விழும்.

சரியாகிறதா என்று அறிவது

தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் புண்ணைப் படம் எடுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்துக்குத் தெரியும். ஒரு வாரத்தில் புதுக் கொப்புளம் வருவது குறைய வேண்டும். இரண்டு வாரத்தில் தெளிவான முன்னேற்றம் வேண்டும். இல்லையென்றால் ஷாம்பூவை மாற்றிப் பார்ப்பதில் நாளைக் கடத்த வேண்டாம். கண்ணாடித் துண்டில் ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாவா ஈஸ்ட்டா என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். தோலைச் சுரண்டிப் பார்த்தால் டெமோடெக்ஸ் பூச்சி இருக்கிறதா என்பதும் தெரியும். அந்தப் பரிசோதனைக்குப் போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே மருந்துக் குளியலை நிறுத்திவிடுங்கள், அப்போதுதான் சரியான மாதிரி கிடைக்கும். எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள்.

ஆறிய இடத்தில் தோல் கறுத்திருப்பதைப் பார்த்து மிச்சத் தொற்று என்று பயப்பட வேண்டாம். அழற்சி விட்டுப்போன தழும்பு அது, மெல்ல மங்கும். வழித்த மயிர் முழுதாக வளர மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று. கொப்புளமும் வாடையும் முற்றிலும் போன பிறகும் நாய் சொறிந்துகொண்டே இருக்கிறதா? அப்படியென்றால் எந்த மாதத்தில், எந்த இடத்தில், நாளுக்கு எத்தனை முறை என்று குறித்துவையுங்கள். பாதம், காது, வயிறு மூன்றும் அந்தக் குறிப்பில் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வாமைக்கான சிகிச்சையை அந்தத் தாளிலிருந்துதான் மருத்துவர் தொடங்குவார்.